காற்றுப் படாத அறை

நாங்கள் வீடு வாங்கியது ஒரு கோடையில். கோடையில் பார்த்தால் எந்த வீடும் நல்ல வீடுதான். ஜெர்மனியில், எசன் நகரின் வடக்குப் பக்கம், ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய செங்கல் வீடுகளில் அது கடைசி வீடு. பின்னால் ஒரு துண்டுத் தோட்டம், அதில் ஒரு ஆப்பிள் மரம். என் மனைவி அந்த மரத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் விலையைப் பார்த்துத் தலையாட்டினேன். ஜன்னல்களை இருவரும் பார்க்கவில்லை.

நவம்பரில் எல்லாம் தெரியவந்தது. ஜன்னலை இறுக்கிப் பூட்டிய பிறகும் திரைச்சீலை ஆடியது. நிலக்கீழ் அறையிலிருந்து குளிர், பலகைத் தரையின் இடுக்குகளால் ஏறி வந்தது. இரண்டு காலுறை போட்டாலும் விரல் விறைத்தது. எரிவாயுவில் ஓடும் பழைய ஹீற்றர் நாள் முழுக்க முனகும். கையை வைத்துப் பார்த்தால் இளஞ்சூடுதான். ஞாயிற்றுக்கிழமை வந்த நண்பர்கள் கோட்டைக் கழற்றாமலே இருந்து தேநீர் குடித்தார்கள். ஒருவன், "மச்சான், நீ வீடு வாங்கினியோ, ஐஸ்பெட்டி வாங்கினியோ?" என்று கேட்டான். எல்லோரும் சிரிக்க நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு அன்று முழுக்க மனைவியோடுகூடப் பேசவில்லை. என் குணம் அப்படி. கேலி செய்தால் அந்த இடத்தில் சிரிப்பேன். பிறகு செய்து காட்டும்வரை எனக்குச் சோறு இறங்காது.

செய்து காட்ட வேறு காரணமும் இருந்தது. மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. ஆறு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை, ஜனவரியில் பிறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளை பெற்றவளின் உடம்பைப் பச்சை உடம்பு என்போம். முப்பத்தொரு நாளுக்கு அதில் குளிர்காற்றுப் படக்கூடாது. பட்டால் சன்னி வரும், பிறகு ஆயுளுக்கும் மூட்டு வலி இருக்கும் என்று எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். திரைச்சீலை ஆடுகிற வீட்டில் நான் அவர்கள் இருவரையும் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஆகவே ஒரே ஒரு அறையையாவது காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன். கீழே, தெருவைப் பார்த்த அறை. முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன இரும்பு விறகடுப்பு அதில் இருந்தது. ஜன்னல் சட்டங்களின் இடுக்குகளில் மக்குப் பசை அடைத்தேன். அதன்மேல் பஞ்சுப்பட்டி, அதன்மேல் அகலமான ஒட்டுநாடா. கண்ணாடிக்கு மேலே தடித்த பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து நான்கு பக்கமும் ஒட்டினேன். தரை இடுக்குகளைச் சிலிக்கன் பசையால் மூடினேன். கதவின் அடியில் பழைய சேலையைச் சுருட்டி வைத்தேன். பக்கத்து வீட்டு ஜெர்மன் கிழவி பனி கொட்டும்போதும் காலையும் மாலையும் ஜன்னல்களை விரியத் திறந்து வைப்பார். "வீடும் மூச்சு விட வேண்டும்" என்று வேலிக்கு மேலால் எனக்கும் சொன்னார். காசு கொடுத்துச் சூடாக்கிவிட்டு அதைத் தெருவுக்கு வார்க்கிற சாதி இது என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

டிசம்பரில் புகைபோக்கி பரிசோதகர் டெர்மின் போட்டு, முன்கூட்டியே நாள் குறித்து வந்தார். கறுப்பு உடுப்புப் போட்ட நெடிய மனிதர். அடுப்பைப் பார்த்தார், ஒட்டுநாடாக்களைப் பார்த்தார். பிறகு அடுப்புக்கு அருகே, சுவரில் உள்ளங்கை அளவில் இருந்த ஓட்டையின் முன் குந்தினார். அதற்குள் நான் குளித்துத் துடைக்கும் துவாயொன்றைத் திணித்து வைத்திருந்தேன். அதை இழுத்து எடுத்து என் கையில் தந்தார். அந்த ஓட்டை வழியாகத்தான் அடுப்புக்குக் காற்று வருகிறது. அதை மூடினால் நெருப்பு அறைக்குள் இருக்கும் காற்றைத் தின்னும். மணமும் நிறமும் இல்லாத நஞ்சு உள்ளே தங்கும். ஆட்கள் உட்கார்ந்தபடியே செத்துப்போவார்கள் என்றார். எனக்கு விளங்காமல் போகக்கூடாது என்று கண்ணை மூடித் தலையைத் தோளில் சாய்த்தும் காட்டினார். எனக்கு முழுக்க விளங்கியது. விளங்கியது என்று கையெழுத்தும் வைத்தேன்.

ஒரு கிழமை, ஏழு நாளும், அதைத் திறந்தே வைத்திருந்தேன். அந்த ஓட்டையால் வந்த குளிர் நேரே கட்டில் போடவேண்டிய இடத்தில் அடித்தது. இத்தனை பாடுபட்டு மூடிய அறையில் ஒரு ஓட்டை மட்டும் என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது. துவாயைத் திரும்பத் திணித்தேன். அடுப்பை மெல்லமாகத்தானே எரிக்கப்போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதன் முன்னால் விறகை அடுக்கிவிட்டேன். அதை யாருக்கும் சொல்லவில்லை.

மகள் ஜனவரியில் பிறந்தாள். ஹனோவரிலிருந்து மனைவியின் அக்கா வந்து இறங்கினார். அவருக்குக் குடும்பம் இல்லை. வயோதிபர் இல்லமொன்றில் சமையல் வேலை. ஆனால் எங்கள் ஆட்களிடையே அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஹனோவரிலும் சுற்றுவட்டத்திலும் எந்தத் தமிழ் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் லீவு போட்டுவிட்டுப் போய்விடுவார். தாய்க்கு இலை அவித்த வெந்நீர் வார்ப்பார், பத்தியக்கறி காய்ச்சுவார், பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவார், தணலில் சாம்பிராணி போட்டுத் தாயின் தலைக்கும் பிள்ளைக்கும் புகை காட்டுவார். அவர் கையில் அழாத பிள்ளைகள் எத்தனையோ. எங்கள் மகளும் அழவில்லை.

"நல்ல சூடாத்தான் வச்சிருக்கிறியள் தம்பி," என்று அறையைச் சுற்றிப் பார்த்துச் சொன்னார். அந்த மாரிகாலம் முழுக்க நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அதுதான்.

பத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை. அதுவரை அக்கா தணலைச் சமையலறையில், பின்கதவை நீக்கி வைத்துக்கொண்டுதான் மூட்டினார். அன்று வெளியே தண்ணீர்க் குழாயே உறைந்துபோன குளிர். ஈரத்தலையோடு பச்சை உடம்புக்காரியைச் சமையலறையில் இருத்த ஏலாது என்று, இரும்புச் சட்டி நிறையக் கரியை அந்த அறைக்கே கொண்டுவந்தார். நான் பத்தியத்துக்கு மீன் வாங்கக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

"தம்பி, தணல் வைக்கப்போறன்," என்றார். "இந்த அறைக்குள்ள காத்து வர ஒரு ஓட்டையாவது திறந்து கிடக்கோ?"

ஒரு கணம் யோசித்தேன். இல்லை என்றால் விறகை விலக்க வேண்டும், துவாயை எடுக்க வேண்டும், அந்தக் குளிர் நேரே பிள்ளைமேல் அடிக்கும். ஏன் மூடினாய் என்று கேள்வி வரும். காலில் சப்பாத்தும் போட்டாயிற்று.

"ஓம் அக்கா. அடுப்புக்குப் பக்கத்தில ஒண்டு திறந்துதான் கிடக்கு."

"அப்ப சரி," என்றார். அவர் என்னை நம்பினார்.

ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடச் சென்றிருக்கும். திரும்பி வந்து கூப்பிட்டேன். பதில் இல்லை. அறைக்கதவைத் தள்ளினால் அது முழுதாகத் திறக்கவில்லை. அக்கா கதவை நோக்கித் தவழ்ந்து வந்து, அதற்குக் குறுக்கே விழுந்து கிடந்தார். மனைவி கதிரையில் தலையைத் தோளில் சாய்த்து இருந்தாள். பிள்ளை கூடைக்குள். முகம் செக்கச்செவேல் என்று, பார்த்தால் சுகமாகத் தூங்குவது போலவே இருந்தது. நான் ஜன்னலுக்குப் பாய்ந்தேன். திறக்க முடியவில்லை. மக்கும் நாடாவும் நான் ஒட்டியபடியே இருந்தன. நகத்தால் கிழித்தேன், பிடியைப் பிடித்துத் தொங்கினேன். கடைசியில் முக்காலியைத் தூக்கிக் கண்ணாடியை அடித்து உடைத்தேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டுக் கிழவி சத்தம் கேட்டு வந்து நின்றார். அவர் கையில் பிள்ளையைக் கொடுத்து, அவசர உதவியை அழைக்கச் சொன்னேன். திரும்பிப்போய் மனைவியைக் கக்கத்தில் பிடித்து இழுத்து வாசற்படியில் கிடத்தினேன். மூன்றாம் தடவை அக்காவுக்காக உள்ளே போனேன்.

இனிச் சொல்வதை எட்டு வருடம் யாருக்கும் சொல்லவில்லை. அக்காவை நான் உடனே தூக்கவில்லை. அவரைத் தாண்டிப் போனேன். விறகைக் காலால் தட்டிச் சரித்தேன். துவாயை இழுத்துக் கோட்டுக்குள் வைத்தேன். அதன் பிறகுதான் திரும்பி வந்து அவரைத் தூக்கினேன். அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடத்தில் எனக்குப் பதற்றமே இருக்கவில்லை. அதை நினைக்கத்தான் இன்றைக்கும் என்மேல் எனக்கு அருவருப்பு வருகிறது.

மூவரும் பிழைத்தார்கள். மகளையும் மனைவியையும் வேறு நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய், காற்றழுத்தம் கூட்டிய தனி அறைக்குள் வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காவல்துறையினர் இருவர் வந்தார்கள். அக்காவின் ஜெர்மன் மொழி கடைத்தெருவுக்குப் போதும், அவர்களுக்குப் போதாது. மொழிபெயர்த்தது நான்தான். காற்று ஓட்டை திறந்திருந்ததா என்று கேட்டார்கள். நான் அதைத் தமிழில் கேட்டேன். அக்கா என் முகத்தை நீண்ட நேரம் பார்த்தார்.

"ஓம். திறந்துதான் கிடந்தது. நான்தான் கரியைக் கூடப் போட்டிட்டன்," என்றார்.

நான் அதை ஒரு சொல்லும் பிசகாமல் மொழிபெயர்த்தேன். வெளிநாட்டவரின் வழக்கம், தெரியாமல் நடந்தது என்று விசாரணை முடிந்தது.

எங்கள் ஆட்களிடம் முடியவில்லை. பச்சைப் பிள்ளையைப் புகைக்குள் வைத்துக் கொல்லப் பார்த்தவள் என்று கோயில் மண்டபம் வரை கதை போனது. அக்காவை ஒருவரும் பிள்ளைப்பேறுக்குக் கூப்பிடவில்லை. என் மனைவி தொலைபேசியில், "இனி என்ர பிள்ளையின்ர பக்கம் வராதை," என்று சொல்லி வைத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒருமுறை ஒரு கலியாண வீட்டில் யாரோ அக்காவைக் குறைசொன்னபோது நான் தலையாட்டியதும் உண்டு.

மகளுக்கு இப்போது எட்டு வயது. எழுத்துக்கூட்டி வாசிக்க மற்றப் பிள்ளைகளைவிட நேரம் எடுக்கிறாள். அந்த நாளால்தானா என்று மருத்துவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த மாரியில் பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் கீறச் சொன்னார்களாம். "அம்மாவுக்கு அக்கா, தங்கச்சி இருக்கினமோ?" என்று கேட்டாள். மனைவி பாத்திரம் கழுவியபடி, "இல்லை," என்றாள். அந்த ஒரு சொல் என்னை இருக்கவிடவில்லை.

நான் லொறி ஓட்டுபவன். அடுத்த கிழமை ஹனோவருக்குச் சரக்கு இருந்தது. இறக்கிவிட்டு, மத்தியானம் அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். தலை முழுக்க நரைத்திருந்தார். "வாங்கோ தம்பி," என்றார். நான் உட்காரவில்லை. ஓட்டையை நான் மூடி வைத்திருந்ததையும் அவர் கேட்டபோது பொய் சொன்னதையும் ஒரே மூச்சில் சொன்னேன். துவாயை எடுத்ததையும் சொன்னேன். எப்போது எடுத்தேன் என்று மட்டும் சொல்லவில்லை.

"என்னைத் தாண்டிப் போய்த்தானே எடுத்தனீங்கள்," என்றார். குரலில் கோபம் இல்லை. "கை காலை அசைக்கத்தான் ஏலாமல் கிடந்தது. கண் தெரிஞ்சது."

"அப்ப ஏன் அக்கா சொல்லேல்லை?" என்றேன்.

"பத்தொன்பது நாள் பிள்ளையோட அவள் உங்களை விட்டிட்டு எங்க போறது? நான் இல்லாமல் அவளால இருக்க ஏலும்." பிறகு கேட்டார். "அவளுக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"இல்லை."

"அப்ப இஞ்ச என்னத்துக்கு வந்தனீங்கள்?"

அவர் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். நான் இறங்கி வந்தேன். எசன் வரை வழி நெடுக, வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவது என்று சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே ஓட்டினேன். உள்ளே போனபோது மனைவி மேசையில் சோற்றை வைத்து மூடிவிட்டுக் காத்திருந்தாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"ரோட்டில நெரிசல்," என்றேன்.