சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் நிலையம் வைத்த கனிபா

எங்கள் தாஸ்புலாக் சந்திப்பில் சனிக்கிழமை மத்தியானமே மொன்ஷாவின் அடுப்பில் விறகு போட்டுவிடுவார்கள். நீராவிக் குளியல் அறை அது. சாயங்காலத்துக்குள் உள்ளே இருக்கும் கற்கள் பழுத்துவிடும். தண்ணீர் ஊற்றினால் சீறும். அந்த முதல் சூடு எஞ்சின் ஓட்டுநர்களுக்கு. அடுத்தது சிக்னல்காரர்களுக்கு. அதற்கப்புறம்தான் பெட்டிகளைச் சோதிக்கிற எங்கள் பிரிவு. எங்களிலும் ஆண்கள் குளித்துவிட்டு வந்த பிறகே பெண்கள். அவர்கள் முறை வரும்போது கல் பூனை முதுகு மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். மைனஸ் முப்பதில் பன்னிரண்டு மணி நேரம் தண்டவாளத்தோரம் நடந்துவிட்டு வருகிறவளுக்கு அது எந்த மூலைக்குக் காணும்?

அதை மாற்றியவள் கனிபா.

நாற்பத்தேழு வயது. பத்தொன்பது வருஷமாகக் கையில் நீளக் காம்புச் சுத்தியலோடு வண்டி வண்டியாக நடக்கிறாள். சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டுவாள், காதைக் கொடுப்பாள், அடுத்ததற்குப் போவாள். ஒரு தடவை எண்ணெய் ஏற்றிய வண்டியில் நாற்பத்தோராவது பெட்டியின் சக்கரத்தைத் தட்டிவிட்டு, சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டாள். அன்று எஞ்சினில் இருந்தவர் ஒராஸ்பெக். நாற்பது நிமிஷம் போச்சு என்று இறங்கி வந்து கத்தினார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே விரல் நீளத்துக்கு விரிசல். நன்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அவளுக்கு ஒரு பட்டம் வைத்தார்: "ஓடுற வண்டிய நிறுத்துறதுக்குன்னே பொறந்தவ."

எங்கள் ஓய்வறையில் இரண்டு கம்ப்யூட்டர் உண்டு. அவற்றில் ஒரு ரயில் விளையாட்டு. ஒரு நிலப்படம் வரும். அதில் கரிச் சுரங்கம், மின் நிலையம், ஊர் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். தண்டவாளம் போட்டு, நிலையம் வைத்து, சரக்கு ஏற்றி வருமானம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் பிரிவுகளுக்குள் போட்டி. இரண்டு பேருக்கும் ஒரே நிலப்படம். விளையாட்டுக் கணக்கில் பத்து வருஷம். யாருக்குச் சரக்கு வருமானம் அதிகமோ அவர்கள் பிரிவுக்கு அந்த வருஷம் முழுக்க மொன்ஷாவின் முதல் சூடு. ஆறு வருஷமாக ஓட்டுநர்கள்தான் ஜெயித்தார்கள். அதில் நாலு வருஷம் எங்கள் பக்கம் உட்கார்ந்து தோற்றவன் நான்.

நான் செய்த தப்பை ரயில்காரன்தான் செய்வான். எங்கள் பாதையில் பெட்டி எத்தனை கிலோமீட்டர் தண்டவாளத்தில் உருண்டதோ அத்தனைக்குக் கூலி. அதனால் விளையாட்டிலும் பாதையை மலையைச் சுற்றி வளைத்துப் போட்டேன். நீளம் கூடினால் கூலி கூடும் என்று நினைப்பு. கூடவில்லை. கரி தாமதமாகப் போய்ச் சேர்ந்து, இருந்த கூலியும் குறைந்தது.

"என்னய்யா முகாஷ், கரிக்கு ஊர் சுத்திக் காட்டுறியா?" என்று ஒராஸ்பெக் என் தோளில் தட்டிச் சிரித்தார்.

போன இலையுதிர் காலத்தில் கனிபா பனிக்கட்டியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் படுக்கை. தங்கை வீட்டுப் பழைய கம்ப்யூட்டரை வாங்கி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு அந்த விளையாட்டை ஆடியிருக்கிறாள். ஆடினாள் என்று சொல்வதைவிடத் தட்டித் தட்டிப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். ஒரே சுரங்கம், ஒரே வண்டி, நிலையத்தை மட்டும் இங்கே ஒருமுறை அங்கே ஒருமுறை மாற்றி வைத்து, வந்த வருமானத்தைச் சோதனைப் படிவங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்திருக்கிறாள். நொண்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பிய அன்றே என்னிடம் வந்தாள்.

"அண்ணே, இந்த வருஷம் நான் உக்காருறேன். ஜெயிச்சா முதல் சூடு நம்ம பொம்பளைங்களுக்கு. அப்புறந்தான் நீங்க எல்லாம்."

"முதல்ல ஜெயி தாயி," என்றேன். ஜெயிப்பாள் என்று நினைத்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை பகல் போட்டி. ஓய்வறை நிறைய ஆள். தட்டில் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டைகள், பெரிய கெட்டிலில் பால் தேநீர். ஒரு மேசையில் ஒராஸ்பெக், மறுமேசையில் கனிபா, அவள் பக்கத்தில் நான். நிலப்படத்தின் மேற்கு ஓரத்தில் இரண்டு கரிச் சுரங்கங்கள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. பக்கத்திலேயே ஒரு மின் நிலையம்; கிழக்குக் கோடியில் இன்னொன்று. ஒராஸ்பெக் பக்கத்தில் இருந்ததைப் பிடித்தார். குட்டைப் பாதை, கொஞ்சச் செலவு, உடனே வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது.

கனிபா கிழக்குக் கோடிக்குப் பாதை போட்டாள். அது சரி. ஆனால் ஏற்றுகிற நிலையத்தை முதல் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம், மேற்கே கொண்டுபோனாள்.

"எங்கம்மா போற? சுரங்கம் இங்கன இருக்கு. இந்தப் பக்கமே வை, பாதையாவது மிச்சம்," என்றேன்.

"அண்ணே, அது வந்து..."

"நான் சொல்றேன்ல, வை."

வைத்தாள். வயசுக்கு மரியாதை கொடுத்தாள்.

மூன்று வருஷம் ஓடியது. ஒராஸ்பெக்கின் வருமானம் எங்களுடையதைப் போல இரண்டு மடங்கு. அந்த மேசையிலிருந்து சத்தம் வந்தது: "கனிபா, முதல் சூட்டுக்குப் புதுத் துண்டு எடுத்துட்டியா? போன வருஷத்துதே போதும், வேர்த்து நனையவா போகுது?"

கனிபா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். என் பக்கம் திரும்பினாள். "உங்க மரியாதைக்கு மூணு வருஷம் குடுத்துட்டேன். இனிமே வாயத் தொறக்காதீங்க."

நிலையத்தை இடித்துவிட்டாள். ஓடுகிற பாதையில் இருந்த நிலையம்! எங்கள் பிரிவே தலையில் கைவைத்தது. கையிருப்பு முழுவதையும் போட்டு, முதல் சுரங்கத்தைத் தாண்டி, இரண்டு சுரங்கத்துக்கும் நடுவில் புதிதாக ஒன்று வைத்தாள். இன்னொரு வண்டி வாங்கக் காசில்லை. அது தவறிப் போயிருந்தால் ஏழாவது வருஷமும் பூனை முதுகுதான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த விளையாட்டு தண்டவாளத்துக்குக் கூலி தருவதில்லை. ஒரு நிலையத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே எத்தனை கட்டம் என்று எண்ணித் தருகிறது. அவள் நிலையம் எட்டுக் கட்டம் தள்ளிப் போனதால், ஒவ்வொரு சுமைக்கும் எட்டுக் கட்டக் கூலி கூடுதல். அதைவிடப் பெரிய விஷயம், நிலையத்தின் கை சுற்றிச் சில கட்டங்கள்தான் எட்டும். முன்பு ஒரு சுரங்கம்தான் எட்டியது. இப்போது இரண்டும்.

இன்னொன்றும் செய்தாள். வண்டி நிறைந்தால் மட்டும் கிளம்பு என்று கட்டளை வைத்தாள். இருந்த இரண்டு வண்டியில் எப்போதும் ஒன்று அங்கே வாயைத் திறந்துகொண்டு நிற்கும். நிற்கிற வண்டியைக் கண்டால் அந்தச் சுரங்கங்கள் கரியை அள்ளிக் கொட்டுகின்றன. வண்டியில்லாத நிலையத்துக்குக் கொஞ்சமாகத்தான் தருகின்றன. ஒராஸ்பெக் இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். வண்டி நிற்பது அவருக்கு உடம்பிலேயே ஒத்துக்கொள்ளாது. அவருடைய வண்டிகள் வந்ததும் பாதி நிறைந்து ஓடின. அவருடைய நிலையம் பாதி நாள் காலி.

ஐந்தாம் வருஷம் இன்னொரு வண்டி வாங்கினாள். ஆறாம் வருஷம் மூன்று. ஒன்பதாம் வருஷம் எங்கள் எண் அவர்கள் எண்ணைத் தாண்டியது. பத்து முடிந்தபோது ஒராஸ்பெக் எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவள் திரையில் நிலையம் இருக்கிற இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என்ன கனிபா, உன் வண்டி எல்லாம் சும்மாவே நிக்குது?"

"நிறுத்துறதுக்குன்னே பொறந்தவ இல்லையாண்ணே."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு ஒரு பவுர்சாக்கை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அந்த எண்ணெய் வண்டிக்கும் சேர்த்துத்தான் அது என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை, கல் பழுத்ததும், எங்கள் பிரிவுப் பெண்கள் ஆறு பேர் உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக் கட்டோடு வரிசையாக உள்ளே போனார்கள். கனிபா கடைசியாக நொண்டிக்கொண்டே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே நாங்கள் அத்தனை பேரும் தோளில் துண்டோடு பனியில் நின்றோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒராஸ்பெக்கின் மீசை வெள்ளையாக உறைந்துவிட்டது. கதவைத் தட்டினார்.

"இன்னும் எவ்ளோ நேரம்மா?"

"வண்டி இன்னும் நிறையலண்ணே!" உள்ளிருந்து கனிபாவின் குரல். "நிறைஞ்சாத்தான் கிளம்பும்!"

ஆறு பேரும் சிரித்த சிரிப்பு கதவைத் தாண்டி வந்தது. ஒராஸ்பெக் என்னைப் பார்த்தார். "உங்க ஆளுதானய்யா, நீயாவது சொல்லேன்."

"மூணு வருஷம் சொல்லிப் பார்த்தாச்சு," என்றேன். "இனிமே வாயத் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு."

உள்ளே யாரோ கல்மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார்கள். சீறியது. காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன். ஜில்லிட்டுப் போயிருந்தேன், ஆனாலும் அவர்கள் சீக்கிரம் வெளியே வர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.