ஊருக்குச் சொன்னார்கள், பிள்ளைக்குச் சொல்லவில்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு, தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறந்து இரண்டு மூன்று வாரம் ஆகியிருந்த நேரம். ராதாபுரம் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என் மாணவர்களுக்கும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் அந்த வாரம் வந்த கோபம் மாதிரி அதற்கு முன்பு எனக்கு வந்ததில்லை.

ஒரு நாள் காலையில், என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா டி.சி. கேட்டு வந்து நின்றார். பீடி சுற்றிப் பிழைக்கிற பெண். மகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று என்னிடமே பலமுறை சொன்னவர். என்ன காரணம் என்று கேட்டால் தரையைப் பார்த்தார்.

"வீட்டுல சூழ்நிலை சரியில்ல டீச்சர். எங்க அக்கா வீட்டுல கொண்டு விடப்போறேன்."

அங்கே பள்ளியில் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. பெரிய டீச்சர் ஊரில் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி அனுப்பிவிட்டேன். தலைமை ஆசிரியையான பெரிய டீச்சர் பக்கத்து அறையில்தான் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

மதியம் அவர் மகளை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிவந்தேன். வகுப்பில் வாய் மூடாத பிள்ளை, விடுமுறைக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துப்போயிருந்தது. சாப்பாட்டை அப்படியே வைத்திருந்தாள். என்னட்டி ஆச்சு என்று கேட்டதுதான் தாமதம், விக்கி விக்கி அழுதாள். பிறகு பையப் பைய விஷயம் வந்தது.

அவளோடு டியூஷன் படிக்கிற வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுப் பெரியவர்களோடு குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே பையன்களுக்குள் ஒரு பந்தயம், யார் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள் என்று. இவளுடைய தோழிகளே இவளைப் பிடித்து முன்னால் தள்ளியிருக்கிறார்கள். மாட்டேன் என்றவளை 'பயந்தாங்கொள்ளி' என்று கேலி செய்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு நடுவில் ஒரு பையன் கையைப் பிடித்தான், இன்னொருவன் படம் எடுத்தான், அது டியூஷன் குரூப்பில் போய் விழுந்தது. நடந்தது அவ்வளவுதான்.

அந்த மாதம் அவளுக்குத் தூரம் வரவில்லை. எல்லாம் தெரிந்தவள் போல் ஒரு தோழி சொல்லியிருக்கிறாள், அவன் கையைப் பிடித்ததால்தான் இப்படி, வயிற்றில் குழந்தை வந்துவிட்டது என்று. நம்பிவிட்டாள். வெறும் வயிற்றில் பச்சைப் பப்பாளியும், எள்ளும் கருப்பட்டியுமாகத் தின்று நாட்களை ஓட்டியிருக்கிறாள். அதுவும் பலிக்கவில்லை என்றதும், அந்தத் தோழியின் சொந்தக்காரப் பெண் ஒருத்தி எங்கிருந்தோ மாத்திரை வாங்கிவந்து தருவதாகச் சொல்லியிருந்தாளாம். அந்த வாரக் கடைசியில் தர இருந்தாளாம்.

வேறு யாராவது தொட்டார்களா, பயப்படாமல் சொல், உன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று நிதானமாகக் கேட்டேன். இல்லை என்றாள். அன்று சாயங்காலமே ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவிடம் கூட்டிப்போனேன். அவர்கள் தனியாக வைத்துப் பேசி, ரத்தமும் சோதித்துப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ரத்தம் குறைவு, வேறொன்றும் இல்லை என்றார்கள். வயதுக்கு வந்த முதல் இரண்டு வருடம் மாதம் தப்புவதும் தள்ளிப்போவதும் சாதாரணம் என்று நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். கையைப் பிடித்தால் பிள்ளை வராது என்பதையும் சொன்னோம். அவள் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பசிக்கிறது என்றாள்.

மறுநாள் அம்மா வந்தார். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மகளை அடிப்பார் என்று பயந்திருந்தேன். அவரோ முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு அழுதார்.

"அவளுக்கு மாசம் தள்ளிப்போனது எனக்குத் தெரியும் டீச்சர். பக்கத்து வீட்டுல அந்தப் போட்டோவையும் காட்டுனாவ. எம் மனசுல வேற மாதிரி ஓடிட்டு. பெத்த பிள்ளகிட்ட இத எப்படிக் கேக்க? அதான் பேசாமலே இருந்துட்டேன்."

ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, தாயும் மகளும் ஒரே விஷயத்துக்காகத் தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மாதம் தப்பலாம் என்பது மகளுக்கும் தெரியவில்லை, தாய்க்கும் தெரியவில்லை. பதிமூன்று வயதுப் பிள்ளையின் படிப்பு அதோடு முடிய இருந்தது.

அப்போது வந்தது பாருங்கள் கோபம்! காரணம், அதே வருடம் மே மாதம் அந்தப் பிள்ளையின் சடங்குக்கு நானும் போயிருந்தேன். பேருந்து நிறுத்தத்தில் அவள் படம் போட்ட பெரிய பிளக்ஸ் போர்டு. 'பூப்புனித நீராட்டு விழா' என்று போட்டு, கீழே சொந்தக்காரர்களின் கைகூப்பிய படங்கள். மைக் செட் சத்தத்தில் காது கிழிந்தது. தாய்மாமன் மேளதாளத்தோடு சீர்த்தட்டுகள் கொண்டுவந்தார். உளுந்தங்களி கிண்டி ஊட்டத் தெரிந்தது, தலையில் நல்லெண்ணெய் வைக்கத் தெரிந்தது. பிள்ளை வயதுக்கு வந்ததைச் சைக்கிளில் போகிறவனுக்கும் சொன்னார்கள். அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்று அவளிடம் சொல்ல அத்தனை பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவம் பற்றி ஒரு பாடமே இருக்கிறது. பெரிய டீச்சர் அதைப் பற்றி எங்களிடம், "விட்ருங்க, வம்பு எதுக்கு?" என்பார். அந்த வாரம் நான் யாரிடமும் கேட்கவில்லை. பையன்களை மைதானத்துக்கு விரட்டிவிட்டுப் பெண்களுக்கு மட்டும் குசுகுசுவென்று சொல்கிற வழக்கமும் எனக்குப் பிடிக்காது. எல்லோரையும் உட்கார வைத்து, உடம்பு, மாதவிடாய், கர்ப்பம் எப்படி வருகிறது, எப்படி வராது, விருப்பமில்லாமல் யாரும் யாரையும் தொடக்கூடாது, அடுத்தவர் படத்தைப் பரப்பக்கூடாது என்று எல்லாம் நடத்தினேன். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பையன் எழுந்து, "மாட்டேன்னு சொன்னா பயந்தாங்கொள்ளிங்காங்க டீச்சர். என்ன செய்ய?" என்று கேட்டான்.

"சொல்லிட்டுப் போவட்டும்லே. பிடிக்காததச் செய்ய வைக்குதவன் கூட்டாளியே இல்ல" என்றேன். பந்தயம் கட்டிய பையன்கள் தலையை நிமிர்த்தவில்லை.

இரண்டே நாளில் நாலைந்து ஆண்கள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்று சத்தம் போட்டது யார் தெரியுமா? அந்தத் தாய்மாமன்! நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"பயலுவளையும் பிள்ளையளையும் ஒண்ணா வச்சு என்ன பாடம் நடத்துதிய? நீங்களே கெடுத்துருவிய போல. அசிங்கமா இல்லியா?"

பெரிய டீச்சர் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் என்னைப் பார்த்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. பேருந்து நிறுத்தத்தில் போர்டு வைத்தது அசிங்கமில்லையா அண்ணாச்சி என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் அந்தப் பிள்ளையின் கதை வெளியே வந்துவிடுமோ என்று பல்லைக் கடித்தேன். என் வாழ்நாளில் நான் விழுங்கிய ஒரே பதில் அதுதான்.

யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, அந்த அம்மாவும் வந்து வாசலோரம் நின்றிருந்தார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசியறியாதவர். உள்ளே வந்தார்.

"நீ செத்த சும்மா இரு அண்ணே. எம்பிள்ளைக்கு அந்தப் பாடம் வேணும். டீச்சர், நீங்க நடத்துங்க. நானும் வந்து கடைசி பெஞ்சுல இருக்கேன். எனக்கும் ஒருத்தரும் சொல்லித் தரல."

வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். டி.சி. பேச்சு அதன்பின் எழவே இல்லை. அந்தப் பெண் என் வகுப்பிலேயே இருந்தாள், பழையபடி வாய் மூடாமல்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, இன்னும் ஏன் கோபம் என்று என் வீட்டுக்காரர் கேட்பார். 'முதல் வருடங்களில் மாதம் தப்பும், பயப்படாதே' என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, ஒரு குழந்தையின் படிப்பையும் உயிரையும் பணயம் வைக்க இருந்தோமே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது. ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்தைப் பிரிக்கும்போது அந்த எரிச்சல் ஆறாமல் இருக்க வேண்டும் என்றே நினைத்துக்கொள்கிறேன்.