டெங்கு என்று நான் கொடுத்த ஜெப விண்ணப்பம்

என் மனைவி செல்விக்கு டெங்குக் காய்ச்சல் என்று சொல்லி, வியட்நாமின் சைகோனில் உள்ள எங்கள் தமிழ் ஜெபக்குழுவை நான்கு வாரம் முழங்காலில் நிறுத்தினேன். அவளுக்கு டெங்கு வரவே இல்லை. பொய்யில் தொடங்கும் சாட்சியை நீங்கள் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனாலும் ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செல்வியும் சொல்லச் சொன்னாள்.

நகரத்துக்கு வெளியே கூச்சி என்ற ஊரில், ஒரு செருப்புத் தொழிற்சாலையில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப எட்டாகிவிடும். கல்யாணமான கையோடு செல்வியைத் திருநெல்வேலியிலிருந்து அழைத்து வந்தேன். பதினோராவது மாடியில் வீடு. பகலெல்லாம் பேச ஆள் கிடையாது, பாஷையும் தெரியாது. முதல் வருடம் எப்படியோ சமாளித்தாள். இரண்டாம் வருட மழைக்காலத்தில் அவளுக்குத் தூக்கம் போயிற்று. சாப்பாடு போயிற்று.

ஒரு நாள், "மேல் வீட்ல என்னப் பத்தியே பேசுதாங்க. உங்களுக்குக் கேக்கலியா?" என்றாள்.

"தமிழ்லயா பேசுதாங்க?" என்று கேட்டேன். ஆமாம் என்றாள். மேல் வீட்டில் இருந்ததோ ஒரு வியட்நாம் குடும்பம். 

எண்ணெய் பூசி ஜெபித்தேன். உபவாசம் இருந்தேன். டாக்டரிடம் மட்டும் போகவில்லை. ஊரில் அவள் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு மனநோய் என்று ஒரு வார்த்தை கசிந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன? இப்படிச் சொல்லி என்னை நானே நியாயப்படுத்திக்கொண்டேன். உண்மையில் என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அவள் வராததால் குழுவில் விசாரித்தார்கள். டெங்கு, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று வாட்ஸப்பில் போட்டேன். அவ்வளவுதான். மறுநாளே ஜெசிந்தா அக்கா பப்பாளி இலைச் சாற்றோடு வாசலில் நின்றார். காரைக்கால்காரர், முந்திரி வியாபாரம் செய்பவரின் மனைவி, பத்து வருடமாக இங்கே இருக்கிறார். "பிளேட்லெட் எவ்வளவு தம்பி?" என்றார். வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொன்னேன். உள்ளே விடவில்லை, ஓய்வெடுக்கிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த எண் ஏற வேண்டும் என்று பத்துக் குடும்பங்கள் கண்ணீரோடு ஜெபித்தன. அடுத்த வாரம் ஏறிவிட்டது என்றேன். எல்லாரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் தட்டினேன். அந்தக் கைகளை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில் கரண்ட் போய் மதியமே வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கரண்டை நிறுத்தியதும் ஆண்டவர்தான் என்று நம்புகிறேன். கதவைத் திறந்தபோது செல்வி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மேல் வீட்ல என்னப் போவச் சொல்லுதாங்க" என்றாள். அவளை இழுத்து அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் எலும்பும் தோலுமாக இருப்பதை அப்போதுதான் என் கைகள் உணர்ந்தன.

டாக்ஸி பிடித்து மனநல மருத்துவமனைக்குப் போனோம். டாக்டருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்திருந்தது. உடனே சேர்க்க வேண்டும் என்றார். ஊருக்குக் கூட்டிப்போகிறேனே என்றேன். இந்த நிலையில் விமானத்தில் ஏற்றுவது ஆபத்து என்றார். சரி, சேருங்கள் என்றேன். அப்போதுதான் ஒரு நிபந்தனையைச் சொன்னார்.

இங்கே படுக்கையில் சேர்ந்தால் வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்கிக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, குளிப்பாட்ட வேண்டும். செல்விக்கு அறிகுறி கடுமையாக இருந்ததால் ஒரு நிமிடமும் தனியே விடக் கூடாது. அது பெண்கள் வார்டு என்பதால் பெண்தான் தங்கலாம். "உங்கள் வீட்டில் பெண்கள் யார்?" என்று கேட்டார். இங்கே நாங்கள் இருவர்தான். மாமியாருக்குப் பாஸ்போர்ட்கூட இல்லை.

வராந்தாவில் செல்வி என் சட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆண்டவரே, ஒரே ஒரு பெண்ணை அனுப்பும் என்று அழுதேன். அழுதுகொண்டே இருந்தபோது கையில் போன் அதிர்ந்தது. செல்விக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று ஜெபக்குழுவில் யாரோ கேட்டிருந்தார்கள். அந்தக் குழுவில் பத்துப் பெண்கள் இருந்தார்கள். நான் கேட்பதற்கு முன்பே ஆண்டவர் கொடுத்துவிட்டிருந்தார். நான்தான் கதவைச் சாத்தி வைத்திருந்தேன்.

ஜெசிந்தா அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, டெங்கு இல்லக்கா. மனசு சரியில்ல. நான் பொய் சொன்னேன்."

 "எந்த ஆஸ்பத்திரி, எந்த வாசல்? அத சொல்லுங்க மொதல்ல" என்றார்.

முக்கால் மணி நேரத்தில் பாயும் பிளாஸ்குமாக மோட்டார் பைக் டாக்ஸியில் வந்து இறங்கினார். செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைக் கோதினார். செல்வி தமிழில் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, சந்தையில் பேரம் பேசிக் கற்ற வியட்நாம் மொழியில் டாக்டருக்குச் சொன்னார். நான் மாதக்கணக்காகக் காதில் வாங்காததை அந்த டாக்டர் எழுதிக்கொண்டார். நான் கிளம்பும்போது அக்கா என்னைப் பார்த்து, "நாலு வாரமா எங்கள ஒரு கொசுவுக்கு எதிரா ஜெபிக்க வச்சிட்டீங்களே தம்பி" என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது எனக்கு.

பத்தொன்பது நாள். ஆறு பெண்கள் முறை வைத்துக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார்கள். ஒருவரும் பிசாசு என்று சொல்லவில்லை. முதல் வாரம் செல்வி யார் கையிலும் சாப்பிடவில்லை, ஒருமுறை அக்காவின் கையைக் கடித்தும்விட்டாள். பத்தாம் நாள், "மேல் வீட்ல சத்தம் கொறஞ்சிருக்கு" என்றாள்.

முழுக் குணம் என்று சொல்லி மறுபடியும் பொய் சொல்ல மாட்டேன். மாத்திரை தொடர்கிறது. சில நாள் சத்தம் திரும்ப வருகிறது, வந்தால் உடனே சொல்லிவிடுகிறாள். நான் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வேலைக்கு மாறிக்கொண்டேன். தங்கையின் வரன் வீட்டாரிடமும் உள்ளதைச் சொன்னோம். அவர்கள் விலகிவிட்டார்கள். அந்த வலி இன்னும் இருக்கிறது.

போன ஞாயிறு விண்ணப்ப நேரத்தில் செல்வி தானே எழுந்து நின்று தன் நோயின் பெயரைச் சொல்லி ஜெபம் கேட்டாள். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். பின் வரிசையிலிருந்து இன்னொரு சகோதரி எழுந்து, "எனக்கும் அதேதான்" என்றார்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாரம் வேறு பெயரில் ஒளிந்திருந்தால் அதன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஆண்டவருக்கு நாம் சொல்லாமலே தெரியும். அடுத்த தெரு அக்காவுக்குச் சொன்னால்தான் தெரியும்.