லாபத்துக்கு அடுத்த எண்

வலங்கைமான் பக்கத்து நெல் அரவை மில்லில் செந்தாமரை பன்னிரண்டு வருடமாகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறாள். தற்காலிக வேலை. பன்னிரண்டு வருடத் தற்காலிகம்! நிரந்தரமாக வேண்டுமானால் பட்டம் கேட்கிறார்கள். பட்டத்துக்கும் அவளுக்கும் குறுக்கே ஒரே ஒரு பேப்பர் படுத்துக் கிடந்தது. சி என்கிற கம்ப்யூட்டர் மொழி. கல்யாண மாதத்தில் தவறவிட்டது. அப்புறம் பிள்ளைகள், வீடு, வயல் என்று பதினேழு வருடம் ஓடிவிட்டது. பழைய அரியர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று பல்கலைக்கழகத்திலிருந்து அறிவிப்பு வந்ததும், முப்பத்தொன்பது வயதில் புத்தகத்தைத் தூசி தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் சென்டர் ஃபாஜில் சொல்லிக்கொடுத்தார். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரை சார் என்பாள்.

“எக்ஸ் ஈக்வல் டு எக்ஸ் பிளஸ் ஒன்” என்று எழுதினார் ஃபாஜில்.

“அதெப்படி சார்? எக்ஸும் அதைவிட ஒண்ணு கூடினதும் எப்படிச் சமமாகும்?”

“சமம் இல்லக்கா. வலது பக்கம் வர்றதை எடுத்து இடது பக்கம் போடுன்னு அர்த்தம்.”

“அப்ப எதுக்கு சமம்னு குறி போட்டாங்க?”

ஃபாஜில் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் மாமியார் மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற மொழி. இதில் எதற்குத்தான் கோபம் வரும், எதற்கு வராது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை.

அரே என்கிற பெட்டி வரிசையில் முதல் பெட்டிக்கு எண் பூஜ்ஜியம் என்று அவர் சொன்ன அன்றுதான் அவளுக்கு ஏதோ புரிந்தது. வீட்டில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்றா சொல்கிறோம்? ‘லாபம்’ என்போம். அடுத்தது ரெண்டு. வெள்ளைக்காரனும் முதல் மரக்காலுக்கு வேறு பேர் வைத்திருக்கிறான், அவ்வளவுதானே! இதைப் போய் சாரிடம் கேட்பானேன் என்று விட்டுவிட்டாள். வினை அங்கேதான் முளைத்தது.

செய்முறைத் தேர்வில் ஐந்து எண்களை வாங்கிக் கூட்டச் சொன்னார்கள். பூஜ்ஜியம், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று பெட்டிகளுக்கு எண் போட்டு, பத்திலிருந்து ஐம்பது வரை பத்துப் பத்தாகக் கொடுத்தாள். கூட்டும் பகுதியை மட்டும் கைடில் மனப்பாடம் செய்தபடியே, பூஜ்ஜியத்திலிருந்து வரிசையாக, எழுதினாள். நூற்றைம்பது வரவேண்டும். வந்ததோ முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். மறுபடி ஓட்டினாள். வேறொரு எண் வந்தது.

வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் அம்மா எட்டிப் பார்த்தார். “ஒண்ணாம் நம்பர் பெட்டியில எதுவும் போடலையேம்மா. உள்ள கிடக்கிற குப்பையையும் சேர்த்துக் கூட்டுது.”

“லாபத்துக்கு அப்புறம் ரெண்டுதானேங்க மேடம்?”

அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, பாருங்க” என்று நகர்ந்துவிட்டார்.

முதல் கோணல் முற்றும் கோணல் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. கண்ணை மூடினாள். சாக்கும் மரக்காலும்தான் கண்ணுக்குள் வந்து நின்றன. லாபம் சொல்லிக் கவிழ்க்குமுன் சாக்கில் என்ன இருக்கும்? ஒன்றுமில்லை. இரண்டாவதைக் கவிழ்க்குமுன்? ஒரு மரக்கால். ஐந்தாவதுக்கு முன்? நாலு. அட, இந்த மொழி கவிழ்ப்பதை எண்ணவில்லை. ஏற்கெனவே உள்ளே கிடப்பதை எண்ணுகிறது! பூஜ்ஜியம் முதல் நான்கு வரை எண்களை மாற்றினாள். நூற்றைம்பது வந்தது. நம்பிக்கை வராமல் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள்.

எழுத்துத் தேர்வும் முடிந்து ஒன்றரை மாதம் போயிற்று. ஒரு காலையில் சம்பாவுக்கு விதைநெல் அளந்துகொண்டிருந்தார்கள். கணவர் சிங்காரவேலு சாக்கின் வாயை விரித்துப் பிடித்திருந்தார். “லாபம்... ரெண்டு... மூணு...” என்று போய்க்கொண்டிருக்கையில் ஃபாஜிலின் செய்தி வந்தது. பாஸ், நாற்பத்தொரு மார்க்.

போனை அவரிடம் காட்டினாள். அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

“எத்தனை அளந்தோம்?” என்றாள்.

“தெரியலையே.”

இருவருக்கும் தெரியவில்லை. அவர் சாக்கைக் கவிழ்த்து நெல்லை மறுபடி குவியலில் கொட்டினார். “பரவாயில்ல, முதல்லேர்ந்து ஆரம்பி” என்றார்.

செந்தாமரை மரக்காலை நிரப்பித் தலை தட்டினாள். லாபம் என்று சொல்ல வாயெடுத்தாள். கண் மறுபடி போனுக்குப் போயிற்று.

“நான் சொல்றேன்” என்றார் சிங்காரவேலு. “லாபம்.”