கிருமிகள் பேசுவதை ஒட்டுக்கேட்கும் உத்தியோகம்

ஊரார் மலத்தைப் புட்டியில் வாங்கிவந்து, அதிலுள்ள பாக்டீரியாக்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் தொழில். பொத்தேரியில் ஒரு கல்லூரி ஆய்வகம். வீடு கூடுவாஞ்சேரி.

பாக்டீரியாவுக்கு வாயும் கிடையாது, காதும் கிடையாது. ஒவ்வொன்றும் கொஞ்சம் ரசாயனத்தை வெளியே விடும். பக்கத்தில் இருப்பது அதை உணர்ந்துகொள்ளும். ரசாயனம் கூடக்கூட, கூட்டம் சேர்ந்துவிட்டது என்று எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடும். அவ்வளவுதான் பேச்சு. இதில் ஒரு வில்லன் உண்டு: பாக்டீரியாவையே தொற்றும் வைரஸ். அது சில சமயம் உள்ளே புகுந்ததும் கொல்லாது. பாக்டீரியாவின் மரபணுவோடு ஒட்டிக்கொண்டு தூங்கும். தூங்கிக்கொண்டே அந்தப் பேச்சைக் கேட்கிற சாமர்த்தியம் சிலவற்றுக்கு இருக்கிறது. கூட்டம் சேர்ந்தது தெரிந்ததும் விழித்து, பெருகி, இடம் கொடுத்தவனையே வெடிக்க வைத்து வெளியே வந்து, அக்கம்பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆசை ஆசையாக வளர்த்த ஒன்றை உள்ளிருந்தே ஏதோ தின்றுவிட்டதைப் பார்த்து நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அது பி.எச்டி.யாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. அந்த நம்பிக்கையில் சொல்கிறேன்.

லாரிக்குப் பின்னால்

பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் வேண்டுமென்றால் சாக்கடைக்குத்தான் போகவேண்டும். பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியைக் கேட்டேன். சங்கத்துச் செயலாளர், "எங்க அசோசியேஷன் பேரு கெட்டுடும் மேடம்" என்று கேட்டைச் சாத்திவிட்டார். படப்பை ரோட்டில் செப்டிக் டேங்க் லாரிகள் நிற்கும் என்று யாரோ சொன்னார்கள். ஒரு புட்டியும் கையுறையுமாகப் போய் நின்றேன்.

நான் போய்ச் சேரும்போது ஒரு லாரி கிளம்பிவிட்டது. வேறு வழியில்லாமல் கையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். டிரைவர் தேவராஜ் அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு நிறுத்தினார். விஷயத்தைச் சொன்னேன். புட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இறங்கிவந்து, குழாயைத் திறந்து, கையில் படாமல் பக்குவமாகப் பிடித்துக் கொடுத்தார். வண்டியில் ஏறும்போது சொன்னார்: "வெய்யில் காலத்துல தண்ணி லாரி பின்னாடி ஜனங்க ஓடியாந்து பாத்துகீறேன். இந்த லாரி பின்னாடி ஓடியாந்த மொத ஆளு நீதாம்மா."

தெளிந்த நீர்

குடல் பாக்டீரியாவை வளர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. காற்றுப் பட்டாலே பலவற்றுக்கு ஆகாது. ஒரு வகையை மட்டும் நான் மாதக்கணக்கில் பிரித்தெடுத்து, திரவத்தில் வளர்த்து, அதன் பேச்சு ரசாயனத்தை அளக்கும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தேன். பாக்டீரியா நன்றாக வளர்ந்தால் திரவம் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கலாக இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை இன்குபேட்டரைத் திறந்தால் குடுவைகள் எல்லாம் பளிங்கு மாதிரி தெளிந்திருந்தன. வெளியாள் யாராவது பார்த்தால் சுத்தமாக இருக்கிறது என்று மெச்சியிருப்பார்கள்.

உள்ளே தூங்கிக்கொண்டிருந்த வைரஸ் விழித்துக்கொண்டுவிட்டது. சனிக்கிழமை மின்சாரம் போய் வந்ததில் சூடு ஏறியதா, கூட்டம் சேர்ந்த செய்தி அதன் காதில் விழுந்ததா, இன்றுவரை தெரியாது. சேமித்துவைத்திருந்த மற்றக் குழாய்களை எடுத்து மறுபடி வளர்த்தேன். அவற்றிலும் அதே வைரஸ். என் கைடு விமலா மேடத்தை அழைத்துவந்து காட்டினேன். அவர் ஒரு குடுவையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "கிருமி செத்தா ஊரே சந்தோஷப்படும். நாம ரெண்டு பேரு மட்டும் துக்கம் விசாரிச்சுட்டு நிக்கறோம் பாரு" என்றார்.

கஸ்தூரி அக்காவின் வயிறு

ஆராய்ச்சிக்கு மலம் கொடுக்க ஆள் கிடைப்பது ஒரு கஷ்டம்; சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிடாத ஆள் கிடைப்பது பெருங்கஷ்டம். தும்மினால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஊர் இது. கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் வாசலில் பூக் கட்டி விற்கும் கஸ்தூரி அக்கா, "நான் மாத்திரையே தொடமாட்டேன், ஒடம்பு ஏத்துக்காது" என்றார். கேட்டதும் ஒப்புக்கொண்டார். "இது வைத்தியம் இல்லக்கா, ஆராய்ச்சி மட்டும்தான். உங்களுக்கு ரிசல்ட் எதுவும் வராது" என்று விதிப்படி விளக்கினேன். தலையாட்டினார்.

அடுத்த வாரத்திலிருந்து ஸ்டேஷனில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா சொல்லுச்சு?" என்று கேட்க ஆரம்பித்தார். அவருக்குப் பல வருஷமாக வயிற்று வலி. காட்டாத ஆஸ்பத்திரி இல்லை. யாரும் நின்று கேட்டதில்லை. நான் தலையாட்டலை நம்பினேன், அவர் புட்டியை நம்பியிருக்கிறார். ஒருநாள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கிருமிகள் பேசுவதையும் வைரஸ் கேட்பதையும் சொல்லி, இதைவைத்து வலிக்குக் காரணம் கண்டுபிடிக்கத் தெரியாது அக்கா, நல்ல குடல் டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன் என்றேன். கட்டிக்கொண்டிருந்த பூவை நிறுத்தாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என் வயித்துல கீற பூச்சி பேசறதுக்குக்கூட காது குடுக்கறீங்க. நான் பேசறதுதான் ஒருத்தருக்கும் கேக்கல."

டாக்டரிடம் அவர் வரவில்லை.

முன்னெச்சரிக்கை

என்னோடு ஆராய்ச்சி செய்தவன் ஜெபராஜ். சேலையூர்க்காரன். ஒரு பாக்டீரியாவை வைரஸ் தாக்கி உடைத்தால், அதிலிருந்து கசிவதை உணர்ந்து பக்கத்திலிருப்பவை தங்களைக் காத்துக்கொள்ளத் தயாராகின்றனவா என்பது அவன் தலைப்பு. ஒருநாள் பார்த்தால் ஆம் என்று வரும், மறுநாள் அதே சோதனையில் இல்லை என்று வரும். கல்யாணம் நிச்சயமாகி, பெண் வீட்டார் "படிப்பு எப்ப முடியும்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கடைசியில் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் தரப்பரிசோதனை வேலைக்குப் போய்விட்டான்.

கடைசி நாளன்று அவனுடைய குழாய்களை எல்லாம் நானும் அவனுமாக நீராவி அழுத்தக் கலனில் போட்டுக் கிருமியழித்தோம். கொட்டுவதற்கு முன் அப்படித்தான் செய்யவேண்டும். மூடியை இறுக்கிவிட்டு, "நீ செய்யறது சரிதான்டா" என்று தேற்றினேன். அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "சாகப்போற பாக்டீரியாகூட பக்கத்துல இருக்கறவனுக்கு சிக்னல் குடுத்துட்டு சாகுதுக்கா. நமக்கு ஒரு சீனியராவது குடுத்தாங்களா?"

கேட்டுக்கொண்டிருந்தவர்

இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். போன வருஷம் ஒருவர் ஆய்வகத்தைத் தேடி வந்தார். பெயர் முனுசாமி. கிழக்குத் தாம்பரத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மனைவிக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தத்தில் கிருமி கலந்து, எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்கவில்லை. கிருமியைத் தின்னும் வைரஸ் இருக்கிறது என்று வேனில் வரும் ஒரு டீச்சர் போனில் காட்டியிருக்கிறார். அது எங்களிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

இருக்கிறது, ஃபிரீசர் நிறைய இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வைரஸும் ஒரு குறிப்பிட்ட கிருமியைத்தான் பிடிக்கும். எங்களுடையவை பெரும்பாலும் தூங்குகிற ஜாதி. மனித உடம்பில் செலுத்தும் அளவுக்குச் சுத்தம் செய்யவும் எங்களுக்கு வசதி இல்லை, அனுமதியும் இல்லை. விமலா மேடம் இதைச் சொல்லும்போது முனுசாமியின் முகத்தைப் பார்க்கவே என்னால் முடியவில்லை. "கொஞ்சூண்டு குடுத்தாகூட போதும் மேடம்" என்றார், பிரசாதம் கேட்பவர் மாதிரி. மேடம் அவர் எதிரிலேயே தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். சிகிச்சை பார்க்கும் டாக்டரிடமும் பேசினார். வெளியூரில் இந்த வைத்தியம் தெரிந்த ஒரு குழுவுக்கு மெயில் எழுதினார். அவர்கள் கேட்ட கிருமி மாதிரியை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி அனுப்ப நான் அலைந்தேன். பொருத்தமான வைரஸ் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க அவகாசம் வேண்டும் என்றார்கள். தினமும் காலையில் மெயிலைத் திறப்பதே எங்களுக்கு வேலையாயிற்று.

ஒரு மத்தியானம் முனுசாமி மறுபடி வந்தார். மழித்த தலை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மேடம் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. ரெண்டு கையையும் கூப்பிக்கொண்டு சொன்னார்: "யார்கிட்டயோ கேட்டுக்கினு கீறோம்னு சொன்னீங்களே மேடம். இனிமே கேக்க வேணாம்னு சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

ஆக, கொல்ல நினைக்கிற கிருமி சாகாது, வளர்க்க நினைக்கிற கிருமி பிழைக்காது என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை வருஷப் படிப்பு.