பிளெக்ஸில் போட்ட பெயர்

"பஸ் ஸ்டாப்புல இருக்குற பிளெக்ஸ மொதல்ல அவுத்துரு. ஒடனே போ."

செல்லமுத்து போனில் சொன்னது அவ்வளவுதான். வளைகுடாவிலிருந்து பேசிய கணவன் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் வைத்ததிலேயே பரிமளாவுக்கு ஏதோ விபரீதம் என்று புரிந்துவிட்டது. அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அறந்தாங்கி பக்கத்துக் கிராமம் அது. சாவு விழுந்தால் அன்றைக்கே கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் ஏறிவிடும். இந்த முறை நாகராசுவுக்கு. செல்லமுத்துவோடு ஒரே கம்பெனியில் சாரம் கட்டியவன். உச்சி வெயிலில் சாரத்திலேயே சுருண்டு செத்தான். மாரடைப்பு என்று கம்பெனி எழுதிக்கொடுத்தது. பிளெக்ஸில் அவன் சிரித்த முகத்துக்குக் கீழே நான்கு வரிகள்:

தண்ணீர் கேட்டான், நிழல் கேட்டான்.
இரண்டும் இல்லை என்றார்கள்.
இதயம் நின்றதாம்.
நின்றது யாருடைய இதயம்?

அதற்கும் கீழே, கூலிங் கிளாஸ் போட்ட படத்துடன், 'கவிதை: செல்லமுத்து'.

செல்லமுத்து பதினொரு வருடமாக வளைகுடாவில் கவிதை எழுதுகிறவர். சிமெண்ட் பைத் தாளில் எழுதுவார், அறையில் இருப்பவர்களுக்குப் படித்துக் காட்டுவார், கிழித்துவிடுவார். அரசையோ கம்பெனியையோ குறைசொல்லி எழுதினால் அந்த நாட்டில் சிறைதான். தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து, கிழித்த தாளை மறுபடி பொடியாக்குவார். இந்த நான்கு வரியை மட்டும் செத்தவனின் தம்பி சேவுகனுக்கு வாய்ஸ் மெசேஜில் அனுப்பியிருந்தார்.

"பேரு போடாம எப்புடி மதினி? செல்லமுத்து அண்ணன் எழுதுனத நான் எழுதுன மாதிரில்ல ஆயிரும்?" என்றான் சேவுகன்.

"ஒன் மரியாதையில தீய வைக்க. போட்டோ எடுத்து எவனுக்காச்சும் அனுப்புனியா?"

"ஊர் குரூப்புல போட்டேன்."

அந்தக் குரூப்பில் பாதிப் பேர் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். பரிமளா பெயரையும் படத்தையும் அறுத்தெடுத்தாள். நாகராசுவின் ஆத்தா பார்த்துக்கொண்டு நின்றதால் கவிதையில் கை வைக்க முடியவில்லை.

ஐந்து நாள் போன் இல்லை. ஆறாம் நாள் வந்தது.

"போலீசுல புடிச்சு வச்சு ஒரு பேப்பர நீட்டுறாங்க. இத நான் எழுதல, நாகராசுக்கு முன்னாடியே நெஞ்சுவலி இருந்துச்சுன்னு. கையெழுத்துப் போட்டா வேலைக்குப் போயிரலாம்."

"போட்டுருங்க. ஒங்க கால்ல விழுறேன், போட்டுருங்க."

"பயமாத்தான் இருக்கு புள்ள. ஆனா அவனுக்கு நெஞ்சுவலியே கெடையாது."

லைன் அறுந்தது.

நாற்பது நாள் சிறை. பிறகு பெட்டியில்லாமல், போட்ட சட்டையோடு திருச்சிக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். இப்போது அறந்தாங்கியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு முறை வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு தமிழ்க்குரல், "இன்னும் எழுதுறீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டது. அதிலிருந்து போன் அடித்தாலே வண்டியை ஓரங்கட்டுவார். அடித்து ஓயும்வரை தொடமாட்டார்.

போன வாரம், நாகராசுவின் முதல் வருட நினைவு பிளெக்ஸுக்காகச் சேவுகன் வீட்டுக்கு வந்தான். செல்லமுத்து நான்கு வரி எழுதி நீட்டினார். இந்தத் தடவை சேவுகன் கேட்டுக்கொண்டான்.

"பேரு?"

செல்லமுத்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். பரிமளா எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டாள்.

"போடு" என்றாள். "போட்டோ மட்டும் வேணாம்."