அகுர்டியில் இறங்க மறந்தோம்: மகளோடு ஒரு செல்போன் ஆராய்ச்சிக்குப் போன கதை

போன சனிக்கிழமை நானும் என் மகள் யாழினியும், மராத்தி பேசும் ஊரில் நாங்கள் குடியிருக்கும் நிக்டியிலிருந்து சிவாஜி நகருக்கு லோக்கல் ரயிலில் போய் வந்தோம். சுற்றுலா எல்லாம் இல்லை. செல்போன் பிள்ளைகளை என்ன செய்கிறது என்று அங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. விருப்பமுள்ள பெற்றோர் வரலாம் என்று அவள் பள்ளியில் சொன்னதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை எந்நேரமும் போனும் கையுமாகத் திரிந்தால் யாருக்குத்தான் பதறாது? "ரிசல்ட் மோசமா வந்துச்சுன்னா, பத்தாவது முடிக்கற வரைக்கும் போன் பீரோவுக்குள்ள" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் நான் கோயம்புத்தூர்க்காரன் பாருங்கள், என் பிள்ளை பெயிலாவதையும் தாங்க மாட்டேன். முந்தின நாளே உட்காரவைத்துக் கோச்சிங் கொடுத்தேன்.

"தினம் எவ்வளவு நேரம்னு கேட்டா அரை மணி நேரம்னு சொல்லோணும், கண்ணு."

"அரே அப்பா, அது பொய்ங்கப்பா!"

நெற்றியில் விபூதி, கையில் பென்சில் பாக்ஸ் என்று கிளப்பிவிட்டேன். அகுர்டி ஸ்டேஷன் வரை வந்த ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "பேப்பர் ஆஹே கா?" என்று மராத்தியில் கேட்டார். பரீட்சையா என்கிறார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன்.

சிவாஜி நகரில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். ஆராய்ச்சி செய்யும் மேடம் என்னிடம் கையெழுத்து வாங்கிய பிறகு, யாழினியிடமும் தனியாகக் கேட்டார்: "உனக்கு இதில் விருப்பமா? இல்லையென்றாலும் பரவாயில்லை." அதை நான் கேட்கவே இல்லையே! அவள் கொஞ்சம் யோசித்து, சரி என்றாள். தினம் மூன்று மணி நேரம் பார்க்கிறேன் என்று உண்மையையும் சொல்லிவிட்டாள். என் கோச்சிங் பாழ்.

அடுத்து என் முறை. "உங்கள் மகள் போனில் என்ன பார்ப்பாள்?"

"ஏதோ வீடியோ, மேடம்."

"என்ன வீடியோ?"

தினமும் திட்டியிருக்கிறேன். ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

கிளம்பும்போது, "பாஸா மேடம்?" என்று கேட்டே விட்டேன். அவர் சிரித்தார். இது பரீட்சை இல்லையாம். நிறைய பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது புரியுமாம். எவ்வளவு நேரம் என்பது மட்டும் போதாது, என்ன பார்க்கிறார்கள், தூக்கம் கெடுகிறதா, கூட யாராவது பார்க்கிறார்களா என்றெல்லாம் பார்க்க வேண்டுமாம். ஆக, தீர்ப்பு என் தலையிலேயே விழுந்தது.

திரும்பும் ரயிலில் ஜன்னல் சீட் கிடைத்தது. "எதைத்தான் பார்ப்பே, காட்டு சாமி" என்றேன். பிடுங்கிக்கொள்வேனோ என்று போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே காட்டினாள். யாரோ ஒருவர் இரும்பை இறுக்கிப் பிடிக்கும் பட்டறை வைஸ் ஒன்றை, துருப்பிடித்துக் கிடந்ததைக் கழற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல யாருமே பேச மாட்டாங்கப்பா. ஸ்கூல்ல மராத்தி, இங்கிலீஷ். கீழ விளையாடப் போனா ஹிந்தி. வீட்ல தமிழ். இதுல மட்டும் எதுவும் பேச வேண்டாம்."

அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் அந்த வைஸின் திருகு அசைய மறுத்தது. எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் லேத் பட்டறை, எனக்குக் கை பரபரக்காதா? "எண்ணெய் விடுய்யா!" என்று கத்தியே விட்டேன். அது பளபளவென்று ஆகி முடிந்து நிமிர்ந்தால், பிளாட்பாரப் பலகையில் தேஹு ரோடு.

"ஐயோ, அகுர்டி போயிருச்சா!"

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் மெதுவாக. "நீங்க பாத்துட்டிருந்தீங்க. அதான் சொல்லல."

தேஹு ரோட்டில் இறங்கி ஷேர் ஆட்டோவில் நிக்டி வந்தோம். போன் பீரோவுக்குப் போகவில்லை. ராத்திரியில் மட்டும் ஹாலில் சார்ஜில் கிடக்கும், என்னுடையதும்தான்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: மத்தியானத்தில் லோக்கல் குறைவு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். பிள்ளைக்குக் கோச்சிங் வேண்டாம். அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு ஒரு பழைய தையல் மெஷின் வீடியோ பாக்கி இருக்கிறது. ரொம்ப நீளமாம். தேஹு ரோட்டையும் தாண்டி தளேகாவ் வரைக்கும் டிக்கெட் எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.